கைகள் தெரியவில்லை

காது கேளாதவளோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. அவள் கண்ணை மூடிக்கொண்டால் தீர்ந்தது கதை. எய்லா லாட்டி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அதைத்தான் செய்தாள். புருஷன் ரெய்னோ ஏதாவது சொல்லலாம் என்று கையைத் தூக்கினால் போதும், கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். போனில் முகம் காட்டிக் கூப்பிட்டால் ஒரு விரலால் அணைத்துவிடுவாள். மகன் செத்த நாளிலிருந்து அவர்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான்.

மகன் பெயர் ஆரோ. ஒரே பிள்ளை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற வயது, ஆனால் அவனுக்கு மீன்தான் பெண், மீன்தான் பிள்ளை. அன்றைக்குக் காலையில் ரெய்னோ ஏரிக்குப் போய், உறைந்த பனியில் துளை போட்டுக் கனம் பார்த்துவிட்டு வந்து, தாங்கும் என்று சொன்னான். எய்லா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். ரெய்னோ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். ஆரோ பனிவண்டியை எடுத்துக்கொண்டு, அப்பா துளை போட்ட இடத்தில் போகாமல், ஓடை வந்து ஏரியில் கலக்கிற பக்கமாகச் சுருக்குவழியில் போனான். அடியில் நீர் ஓடுகிற இடத்தில் பனி மெலிந்திருக்கும். இது எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவனுக்கும் தெரியும். அப்பா தாங்கும் என்று சொன்ன தைரியம்.

சாயங்காலம் போலீஸ்காரர் வந்தார். ரெய்னோ ஏரிக்கரையில் இருந்தான். எய்லாவுக்கு எப்படிச் சொல்வது என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து காகிதம் எடுத்து எழுதிக் கொடுத்தார். எய்லா படித்துவிட்டு, அதைக் கையில் பிடித்தபடியே ஏரிப்பக்கம் ஓடப்போனாள். வாசற்படியின் உறைபனியில் விழுந்து இடுப்பெலும்பு போயிற்று. நகரத்து ஆஸ்பத்திரியில் அறுவை நடந்து, புண்ணில் சீழ் வைத்து, இப்போதைக்கு விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அடக்கப் பிரார்த்தனையை அவள் வரும்வரை தள்ளிப்போடலாமா என்று பாஸ்டர் கேட்டு அனுப்பினார். எங்கள் மண் குளிர்காலத்தில் கல்லாக இறுகிக் கிடக்கும். எப்படியும் மே மாதம்தான் குழி தோண்ட முடியும். எய்லா ஒரே வரியில் பதில் அனுப்பினாள்: ‘நடத்துங்கள். நான் இங்கிருந்து பார்க்கிறேன்.’ ரெய்னோ பக்கத்தில் உட்காருவதற்கு அவளுக்கு மனசில்லை என்று எனக்குப் புரிந்தது. அவனுக்கும் புரிந்தது.

நான் வெர்னா காங்கஸ். அவர்களுக்கு அடுத்த வீடு. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்துக் கையெல்லாம் வெந்து ஓய்வுபெற்றவள். ரெய்னோவும் நானும் ஒரே வகுப்பில் படித்தோம். அவன் சாலைப் பணியில் பனி வாருகிற லாரி ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சின் மாடியில் உட்கார்ந்து, ஆராதனையை வீட்டோடு கிடக்கிறவர்களுக்கும், குளிர் தாங்காமல் தெற்கே அரிசோனாவுக்கு ஓடிப்போன சுகவாசிகளுக்கும் நேரலையில் அனுப்புவது அவன் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து பாட்டு வரிகளைத் தட்டுவது என் வேலை.

அவனிடம் ஒரு சுவிட்சர் பெட்டி உண்டு. நிறையப் பொத்தான்கள். ஒரு படத்தின்மேல் இன்னொரு படத்தை அடுக்குவதற்கான பெட்டி அது. அடியில் கேமராப் படம், அதன்மேல் பாட்டு வரி, எல்லாவற்றுக்கும் மேலே பெயர்ப் பட்டி. அந்த மேல் அடுக்கில் எதை வைத்தாலும் அதை வேறொன்றும் மறைக்க முடியாது. ஒரு ஈஸ்டரில் பாட்டு வரி எங்கள் சர்ச்சின் பெயரை மறைத்துவிட்டது. அரிசோனாவிலிருக்கும் ரெய்னோவின் அக்கா ஐனோ, வேறு ஏதோ சர்ச்சுக்குக் காணிக்கை அனுப்பிவிட்டதாகச் சொல்லி ஒரு மாதம் புலம்பினாள். அன்றிலிருந்து பெயர்ப் பட்டி மேல் அடுக்கைவிட்டு இறங்கியதில்லை.

எய்லாவுக்காகத் திரையில் ஒரு கட்டம் வைக்கவேண்டும் என்று ரெய்னோவே சொன்னான். பாஸ்டர் பேசப் பேசச் சைகையில் சொல்வதற்கு நகரத்திலிருந்து ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தான். அவளைத் தனிக் கேமராவில் பிடித்து, திரை ஓரத்தில் ஒரு கட்டமாகக் காட்டவேண்டும். அந்தக் கட்டத்தை எங்கே வைப்பது என்று பார்க்கத்தான் வெள்ளிக்கிழமை மதியம் என்னைச் சர்ச்சுக்கு வரச்சொன்னான். வெளியே பனி குறுக்காக அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து ஞாயிறுபள்ளி அறையில் இரண்டாம் கேமராவை நிறுத்தி, பின்னால் பாடகர் அங்கி ஒன்றை ஆணியில் மாட்டி, முன்னால் நாற்காலி போட்டிருந்தான். நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அவன் மாடியிலிருந்து கத்தினான்.

“வெர்னா! கொஞ்சம் சிரிக்காம உக்காரு!”

“நான் எங்கடா சிரிச்சேன்? என் மூஞ்சியே அப்படித்தான்.”

“மேல வந்து பாரு. எங்க வெச்சா சரியா இருக்கும்னு சொல்லு.”

ஏறிப்போய்ப் பார்த்தேன். கீழே பீடத்துக்கு முன்னால் சவப்பெட்டி வைக்கும் இடத்தில் மடக்கு மேசை ஒன்றைப் போட்டு அதன்மேல் என்னுடைய பச்சைக் கோட்டை விரித்திருந்தான்.

“என் கோட்டா கெடச்சுது உனக்கு?”

“வேற நீளமா ஒண்ணும் கெடைக்கல. இங்க பாரு. இடது பக்கம் வெச்சா பாஸ்டர் மறையுறாங்க.”

“மறையட்டுமே. அவங்கள யாரு பாக்கப்போறா?”

“மேல வெச்சா சிலுவை மறையுது. ஐனோ சும்மா விடமாட்டா. நடுவுல கீழ வெச்சா…” நடுவில் கீழே என் கோட்டு கிடந்தது.

“வலது பக்கம் கீழ வை ரெய்னோ. அங்க பெஞ்சுதான் இருக்கு. உக்காந்திருக்கவங்க முதுகு மறைஞ்சா யாருக்கும் நஷ்டமில்ல.”

பொத்தானைப் பிடித்துக் கட்டத்தைத் துளித்துளியாக நகர்த்தினான். கொஞ்சம் பெரிதாக்கினான், சின்னதாக்கினான், மறுபடி பெரிதாக்கினான். லாரி ஓட்டுகிற தடித்த விரல்.

“அவ கண்ணாடி போட்டிருப்பாளான்னு தெரியல. கண்ணாடி வீட்லதான் இருந்துச்சு. ஆஸ்பத்திரியில குடுக்கப் போனேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. மேசைமேல வெச்சிட்டு வந்தேன்.”

“போட்டுக்குவா.”

“கையத் தூக்கினாலே கண்ண மூடுறாளே வெர்னா. அவ பாக்கவேணாம்னா நான் என்னதான் பண்றது?”

“உன் மூஞ்சிய அவ பாக்கவேணாம். நாளைக்கு அந்த நகரத்துப் பொண்ணத்தான பாக்கப்போறா? அவளக் கண்ணத் தொறந்து பாப்பா.”

நான் ஆறுதல் என்று நினைத்துச் சொன்னேன். அவன் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

எல்லாம் சரிபார்த்தோம். பெயர்ப் பட்டியை மட்டும் பார்க்கவில்லை. “நாளைக்குக் காலையில அடிச்சுக்கறேன்” என்றான். மகன் பெயரைச் செத்தவன் பெயராக அடிக்க அன்றைக்கு அவனால் முடியவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

சனிக்கிழமை காலையில் சர்ச்சின் கீழ்த்தளத்தில் பெண்கள் கூடிவிட்டார்கள். பெரிய பாத்திரத்தில் காப்பி கொதித்தது. ஏலக்காய் ரொட்டியை வெட்டி அடுக்கினோம். பன்றித்தொடைக் கறியை ரொட்டிக்கு நடுவில் வைத்துக் குவித்தோம். ஆரோவுக்குப் பிடிக்கும் என்று யாரோ கிழங்கும் இறைச்சியும் வைத்துச் சுட்ட பாஸ்டி ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்திருந்தார்கள். அதை யாரும் தொடவில்லை. அப்போதுதான் ரெய்னோ படியிறங்கி வந்தான். கையில் போன்.

“அந்தப் பொண்ணு வரல. மேட்டுல ரோட்ட மூடிட்டாங்க.”

“யாரு மூடினது? உன் ஆளுங்கதான? போன் போட்டுத் தொறக்கச் சொல்லு!”

“எதிர்ல நிக்கிற வண்டி தெரியல வெர்னா. நானா இருந்தாலும் மூடித்தான் இருப்பேன்.”

பாஸ்டர் லின்னியா வந்து கேட்டுக்கொண்டு நின்றார். சின்ன வயசு, நல்ல மனசு, அவசரம் அதிகம்.

“ரெய்னோ, என் பிரசங்கம் முழுக்க எழுதி வெச்சிருக்கேன். அதத் திரையில ஓடவிடலாமே? எய்லா நல்லாப் படிப்பாங்க இல்ல?”

“படிப்பா.”

“அப்புறம் என்ன?”

ரெய்னோ போனைச் சட்டைப் பையில் போட்டான். “மகன் செத்தத அவளுக்குக் காகிதத்துலதான் எழுதிக் குடுத்தாங்க பாஸ்டர். இன்னைக்கும் எழுத்துதானா? வேணாம்.”

அப்புறம் அவனே சொன்னான்.

“நான் நிக்கிறேன்.”

“உனக்கு எவ்வளவு தெரியும்?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். ஊருக்கே தெரியும். முப்பது வருஷக் குடித்தனத்தில் ரெய்னோ கற்றுக்கொண்டது அடுப்படிச் சைகை: காப்பி, உப்பு, விறகு, குளிர், வா, தூங்கு. ஆரோ நாலு வயதிலேயே அம்மாவின் பாஷையில் கதை பேசினான். அப்புறம் ரெய்னோவுக்கு என்ன கவலை? எல்லாவற்றுக்கும் நடுவில் பிள்ளை நின்றான். புருஷன் பெண்டாட்டி சண்டையைக்கூட அவன்தான் இரண்டு பக்கமும் மாற்றிச் சொல்வான். கெட்ட வார்த்தைகளை மட்டும் முழுங்கிவிடுவான். சோம்பேறித்தனம்தான், வேறென்ன. நல்லவன்தான் ரெய்னோ, ஆனால் இந்த விஷயத்தில் சோம்பேறி.

“கொஞ்சந்தான் தெரியும்,” என்றான். “தெரிஞ்சத சொல்றேன். நீ மாடியில சுவிட்சர் பெட்டியப் பாத்துக்கோ.”

“ஐயோ, எனக்குப் பாட்டு வரி ஓட்டத்தான் தெரியும்!”

“இந்தப் பொத்தான் மாடிக் கேமரா. இது நான் இருக்கிற கேமரா. இது கட்டம். இது பெயர்ப் பட்டி. கட்டத்தையும் பட்டியையும் அமுக்கினா வரும், திரும்ப அமுக்கினா போகும். வேற எதையும் தொடாத.”

பூப்போட்ட டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். கை பளிச்சென்று தெரிய வேண்டுமானால் நெஞ்சுக்கு முன்னால் ஒன்றும் இருக்கக்கூடாதாம்; ஆரோ சொன்னது. மாடிக்கு என்னோடு வந்து, நின்றபடியே மகன் பெயரை அடித்தான். ஆரோ யோஹான் லாட்டி. பிறந்த வருஷம், ஒரு கோடு, இந்த வருஷம். வழக்கம்போல மேல் அடுக்கில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப்போனான்.

எய்லாவின் அறையில் ப்ரீடா என்ற நர்ஸ் இருந்தாள். திரைப் பலகையை அவள் முன்னால் நிறுத்திவிட்டு, ஏதாவதென்றால் எனக்குச் செய்தி அனுப்புகிறேன் என்று ஒத்துக்கொண்டிருந்தாள். ஆராதனை தொடங்குவதற்குமுன் ‘எப்படி இருக்கா?’ என்று கேட்டேன். ‘முழிச்சிருக்காங்க. ஜன்னலப் பாத்துட்டிருக்காங்க’ என்று பதில் வந்தது.

ஆர்கன் வாசித்தார்கள். கட்டத்தைப் போட்டேன். வலது ஓரத்தில் ரெய்னோ. கருப்புச் சட்டை, நரைத்த மீசை, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். பாஸ்டர் பேச ஆரம்பித்தார். வாழ்வு, நம்பிக்கை, இளைப்பாறுதல் என்று பெரிய பெரிய வார்த்தைகளாக வந்தன. ரெய்னோவின் கை பாதியில் தூக்கி நின்றது. இளைப்பாறுதலுக்கு அவனிடம் இருந்தது ‘தூங்கு’ மட்டும்தான். அதைக் காட்டினான். கர்த்தரின் வீடு என்றார் பாஸ்டர். ‘வீடு’ என்று காட்டிவிட்டு, கொஞ்சம் யோசித்து, ‘குளிர் இல்லை’ என்று காட்டினான். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்து மூக்கை அடைத்தது.

பாஸ்டர் “நம் சகோதரன் ஆரோ” என்று பெயர் சொன்னதும் பட்டியை அமுக்கினேன். திரையின் அடிப்பக்கம் முழுக்க நீலமாக விரிந்தது. ஆரோ யோஹான் லாட்டி. நன்றாகத்தான் இருந்தது. கீழே யாரோ விம்மினார்கள்.

மடியில் போன் நடுங்கியது. ப்ரீடா.

‘மூலையைக் காட்டிக் காட்டி ஏதோ சொல்றாங்க. கை தெரியல. பேர் மறைக்குது.’

பார்த்தேன். கட்டத்துக்குள் ரெய்னோவின் தலையும் தோளும் மட்டும் மிதந்தன. நெஞ்சுக்குக் கீழே எல்லாம் பட்டி. முந்தின நாள் நான் நாற்காலியில் கையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பட்டியும் போடவில்லை, எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவேயில்லை. காது கேட்கிறவர்கள் செய்கிற தப்பு. அப்புறம்தான் அந்தச் செய்தியின் மற்றப் பாதி உறைத்தது. எய்லா கண்ணைத் திறந்திருக்கிறாள். பார்த்துக்கொண்டிருப்பது ரெய்னோவின் கையை.

கட்டத்தை மேலே நகர்த்த எனக்குத் தெரியாது. பட்டியை எடுக்க மட்டும் தெரியும். பெற்ற பிள்ளையின் பெயர், அன்று காலையில்தான் அப்பன் நின்றுகொண்டே அடித்த பெயர். ஒரு கணம் விரல் வரவில்லை. அப்புறம் அமுக்கினேன். பெயர் போயிற்று. கை வந்தது.

உடனே ஐனோவின் செய்தி. ‘பேரைக் காணோம். தூங்கிட்டியா வெர்னா?’ நான் பதில் போடவில்லை. அரிசோனா வெயிலில் நன்றாக வாடட்டும்.

ரெய்னோவுக்கு இதொன்றும் தெரியாது. அவன் முன்னால் ஒரு கேமராவும் பக்கத்துச் சுவரிலிருந்து பாஸ்டரின் குரலும்தான். கொஞ்ச நேரம் அந்தக் குரலைத் துரத்திக்கொண்டிருந்தான். பிறகு விட்டுவிட்டான். கை கீழே தொங்கியது. பாஸ்டர் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ரெய்னோ கேமராவை நேராகப் பார்த்தான். பிறகு இரண்டு முஷ்டியையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சுற்றிச் சுற்றிக் கீழே அழுத்தினான்.

எனக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் ஏரியில் துளை போடுவது எப்படி என்று எங்கள் ஊரில் யாருக்குத் தெரியாது? துளை போட்டான். குனிந்து பார்த்தான். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அந்தக் கட்டைவிரலை இன்னொரு கையால் பிடித்து மடக்கினான். தன் நெஞ்சில் குத்திக்காட்டினான். நான். மறுபடி துளை, மறுபடி கட்டைவிரல், மறுபடி நெஞ்சு. நீ வேண்டாம் என்றாய், நான் சரி என்றேன். அவளுடைய கையாட்டலை அப்படியே செய்துகாட்டினான். வேண்டாம், வேண்டாம். பிறகு மறுபடியும் நெஞ்சு.

போன் நடுங்கியது. ‘அவரைப் பெருசாக் காட்டுங்கன்னு சொல்றாங்க. எழுதிக் காட்டினாங்க. சீக்கிரம்.’

கட்டத்தை எடுத்தேன். ரெய்னோவின் கேமராப் பொத்தானை அமுக்கினேன். பீடமும் பாஸ்டரும் பூக்களும் சவப்பெட்டியும் திரையிலிருந்து போய்விட்டன. திரை நிறைய ரெய்னோ மட்டும், ஆணியில் தொங்கும் அங்கிக்கு முன்னால். கண்ணீர் மீசையில் இறங்கியது. துடைக்கவில்லை, துடைக்கக் கை ஓயவில்லை. என் போன் விடாமல் துள்ளியது. அரிசோனா முழுக்க எழுந்து நின்று திட்டியிருக்கும். திட்டட்டும். இது அவர்களுக்கு அனுப்பின படமில்லை.

ப்ரீடா மறுபடி எழுதினாள். ‘பதில் சொல்றாங்க. ரெண்டு கையாலயும், நிறுத்தாம. அழறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல.’

கடைசிப் பாட்டு முடிந்து மணி அடித்ததும் நேரலையை நிறுத்தினேன். ஆறு பேர் சவப்பெட்டியைத் தூக்க வரிசையில் நின்றார்கள். ரெய்னோ பக்கத்து அறையிலிருந்து வந்தான். சட்டை நனைந்திருந்தது. நான் மாடியிலிருந்து இறங்கும்வரை படிக்குக் கீழேயே நின்றான்.

“பாத்தாளா?”

“பாத்தா.”

“என்னையா?”

“உன்னத்தான். பெருசாக் காட்டச் சொன்னா. ரெய்னோ, அவ பதில் சொன்னாளாம். நெறையச் சொன்னாளாம்.”

“என்ன சொன்னா?”

“நர்சுக்குத் தெரியலையாம்.”

அவன் தலையை ஆட்டினான். பிறகு சட்டென்று பீடத்துப் பக்கம் திரும்பினான். எய்லா வேகமாகக் கையாட்டும்போதெல்லாம், ‘அம்மா என்ன சொல்றாடா?’ என்று ஆரோவிடம் கேட்க அப்படித்தான் திரும்புவான். வாய்கூடத் திறந்துவிட்டது. அங்கே ஆறு பேர் குனிந்து பெட்டியின் பிடியைப் பற்றிக்கொண்டிருந்தார்கள்.

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லிட்டுப்போயிருந்தது. பெட்டி எங்களைக் கடந்து போகும்வரை அவன் அசையவில்லை.

பெட்டியை, மே மாதம் குழி தோண்டும்வரை இருக்கட்டும் என்று, கல்லறைத் தோட்டத்துக் கற்கட்டட அறையில் வைத்துவிட்டு எல்லோரும் சாப்பிடக் கீழே இறங்கினார்கள். ரெய்னோ இறங்கவில்லை. பனி கொஞ்சம் விட்டிருந்தது. மேட்டில் லாரி ஒன்று வாரிக்கொண்டு போகிறது, அதன் பின்னாலேயே மெதுவாக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவேன் என்றான். கோட்டை மாட்டினான். நான் ஒரு பாஸ்டியைத் துணியில் சுற்றி அவன் பையில் திணித்தேன்.

“போன் போட்டுப் பேசேன் முதல்ல. இப்ப எடுப்பா.”

“போன்ல வேணாம். புரியலன்னா அவ மூஞ்சி போறத அந்தச் சின்னத் திரையில பாக்க முடியாது. பக்கத்துல உக்காந்து கேக்கணும்.”

“சரி. பாத்துப் போ.”

வண்டிக் கண்ணாடியில் ஒட்டிய பனியைச் சுரண்டினான். கதவைத் திறந்தான். ஏறவில்லை. என் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் தூக்கி, என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றான்.

“வெர்னா, ‘மெதுவாச் சொல்லு’ன்னு கையால எப்படிக் கேக்கறது?”

“எனக்குத் தெரியாதே ரெய்னோ.”

“எனக்கும் தெரியல,” என்றான். “முப்பது வருஷத்துல ஒரு தரம்கூட நான் அத அவகிட்டக் கேட்டதில்ல.”